‘போதுங்க’ என்கிறவள்

16 ஜூலை 1961
கொழுந்தன் உக்கிரபாண்டி கோயமுத்தூர் மில் வேலையை விட்டுவிட்டு, அங்கேயே கட்டிய பெண்டாட்டியோடு ஆமத்தூருக்கே வந்துவிட்டான். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் வேலையாம். அவள் பெயர் பாவாத்தாள். வாசலில் நின்று, “உள்ள வரலாமுங்களா?” என்கிறாள். புருஷன் வீட்டுக்குள் வர உத்தரவா?

23 ஜூலை
எல்லாருக்கும் ‘ங்க’. என் சின்ன மகளுக்குக்கூட. ஆட்டுக்குட்டிதான் பாக்கி.

மாமியார் அந்தப் பேச்சில் மயங்கிக் கிடக்கிறார்கள். “வாங்க தாயி, இங்கன உக்காருங்க” — மருமகளுக்கு! நான் வந்து எட்டு வருஷம். இன்றைக்கும், “ஏளா முத்துப்பேச்சி, காது அடைச்சுப் போச்சா?”தான். எனக்கு ஒரு ‘வாங்க’ சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவாக?

4 ஆகஸ்ட்
முழுகாமல் இருக்கிறாளாம். குடம் தூக்கக் கூடாதாம். நிறைமாசத்தில் நான் பருத்திக் காட்டில் நின்றேன். ஒருத்தரும் வேணாம்னு சொல்லல.

12 ஆகஸ்ட்
வயிறு எரியுது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

27 ஆகஸ்ட்
தீபாவளி சீசன். உக்கிரபாண்டி பாதி நாள் கம்பெனியிலேயே படுத்துக்கொள்கிறான்.

ஒரு கரண்டி சோறு போட்டதும் அவள் இலையை மறைத்து, “போதுங்க்கா.” உடனே அத்தை என் பக்கம் திரும்பி, “பாத்தியா, எம்புட்டுப் பதவிசாத் திங்காக!” என்கிறார்கள். அப்போ நான் மாடா? பிள்ளைத்தாய்ச்சிக்கு இது எப்படிப் போதும்? திருட்டுத்தனமாக எங்கேயோ தின்கிறாள். விடமாட்டேன். அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

9 செப்டம்பர்
பார்த்துவிட்டேன். பார்த்திருக்க வேண்டாம்.

தொழுவத்தில், மாட்டுக்கு வைத்த கடலைப் புண்ணாக்கைக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்து, “ஒண்ணுமில்லீங்க்கா” என்றாள். அப்படியே சரிந்தாள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. ரோட்டுக்கு ஓடி, வந்த லாரிக்குக் குறுக்கே நின்று, “நிப்பாட்டுலே!” என்று கத்தினேன். விருதுநகர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலை என் மடியில்.

10 செப்டம்பர்
பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. “இவளுக்குச் சோறு போடுறீகளா இல்லையா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“கேட்டு வாங்கித் திங்க வேண்டியதுதானளா?” என்றேன் பாவாத்தாளிடம். அழுதுவிட்டாள்.

“எங்கூருல போதும்னு சொன்னா இன்னும் ரெண்டு தரம் வெப்பாங்க்கா. நீங்க யாரும் வெக்கலீங்க. நான் வேண்டாதவளாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

விருந்தாளியைத்தான் நாங்கள் கெஞ்சிச் சாப்பிட வைப்போம். வீட்டு ஆள் கேட்டு வாங்கணும். இவள் பேச்சில் விருந்தாளி, சோற்றில் வீட்டு ஆள். நடுவில் பட்டினி கிடந்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொன்னாள். “அத்தை உங்களைத்தான் உரிமையாத் திட்டறாங்க. பாத்தா எனக்குப் பொறாமைங்க்கா.”

என்னைப் பார்த்தா!

20 நவம்பர்
“ஏளா பாவாத்தா! கோழிக்கூட்டைத் தொறந்து போட்டுட்டு எங்களா போன?” — தெருவே கேட்கும்படி அத்தை ஏசினார்கள். அவள் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்தபடி வந்தாள்.

இத்தனை வருஷம் அந்த ஏச்சு எனக்கு மட்டும்தான்.

கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.