பிளாஸ்டிக்குக்குள் என் டிகிரி

செவ்வாய், ருவைஸ் (அமீரகம்)

இனி அப்பாவின் ஸ்பான்சர்ஷிப்பில் இல்லாமல் என் பெயரிலேயே பத்து வருஷ விசா வாங்க, இன்று நானும் அவரும் விசா விண்ணப்பம் போட்டுத்தரும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். அபுதாபி கம்பெனியின் ஆஃபர் லெட்டரும் திருச்சியில் வாங்கிய டிகிரியும் கையில் இருந்தன. கவுண்டரில் இருந்தவர் டிகிரியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாரு லேமினேட் பண்ணினது? டிகிரி அசல்தான்னு சான்று சொல்ற அட்டஸ்டேஷன் முத்திரையைப் பேப்பர்லதான் குத்துவாங்க, பிளாஸ்டிக்ல குத்த மாட்டாங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பட்டமளிப்பு விழா முடிந்த அன்றே கடை தேடிப் போய் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தது அவர்தான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் யுனிவர்சிட்டிக்கு டூப்ளிகேட் கேட்டு விண்ணப்பித்தேன். கம்பெனிக்கும் விஷயத்தை எழுதினேன்; டூப்ளிகேட் வரும்வரை காத்திருப்பதாகப் பதில் வந்துவிட்டது. விசா வாங்கிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை.

சாப்பிடும்போதுதான் கேட்டேன். "இருபத்துநாலு வருஷமா ரிஃபைனரியில இருக்கீங்க. உங்க விசா, ஒர்க் பெர்மிட்னு ஒரு பேப்பரைக்கூட லேமினேட் பண்ணினதில்லை. என்னோடதை மட்டும் ஏன்ப்பா?"

"என்னோடதெல்லாம் ரெண்டு வருஷத்துல எக்ஸ்பயரி ஆயிடும்மா," என்றார். "தேதி முடியாத பேப்பர் நம்ம வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை."