மச்சானுடைய கேஸ் கட்டு

மார்ச் 10, திங்கள்

என் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்குப் பின் டயர் மாற்றினேன். கடைக்காரச் சீனன் பழைய டயரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். சிரிக்கட்டும்.

மாலையில் விக்னேஸ்வரன் வாத்தியார் அனுப்பியது போனில் வந்தது. மே ஒன்றாம் தேதி எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். அதற்கு அவர் ஒரு மலர் போடுகிறார். அச்சுக்குப் போகும் முன் பாருங்கள் என்று பக்கங்களைக் குரூப்பில் போட்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் போகாதவன். தமிழ் எழுத்து மட்டும், அதுவும் தலை நரைத்த பிறகு கோயில் வகுப்பில் பிடித்தது. வாய்விட்டு எழுத்துக் கூட்டினால்தான் எனக்கு வாசிக்க வரும். கூட்டினேன். வாத்தியார் தன் அப்பாவைப் பற்றி எழுதியது: ‘என் தந்தை, தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி, சீனி என்ற பால்வெட்டுக்காரனால் வெட்டிக் கொல்லப்பட்டார்.’

முடித்த பிறகுதான் ராக்காயி பின்னால் நிற்பது தெரிந்தது. ராக்காயி என் தங்கச்சி. சீனி அவள் புருஷன், என் மச்சான். அவன் செத்த பிறகு அவள் இங்கே சிலிபினில் என் வீட்டோடுதான் இருக்கிறாள்.

தைப்பூசத்திலிருந்து இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. புடவை எடுத்தாகிவிட்டது, யார் பக்கத்தில் உட்காருவது என்றுகூட முடிவாகிவிட்டது. இப்போது ஒரே வார்த்தை. “நான் வரலண்ணே. நீ போயிட்டு வா.”

சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 11

வாத்தியாருக்குப் போன் போட்டேன். மச்சானைப் பிடித்தார்கள், ஈப்போ பெரிய கோர்ட்டில் கேஸ் நடந்தது, குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள், நான் வராந்தாவில் ராக்காயியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன். அவருக்கு அப்போது ஒன்பது வயதாம். அப்பாவை எரித்த கையோடு பாரிட் புந்தாருக்கு மாமா அழைத்துப் போய்விட்டாராம். வளர்ந்ததெல்லாம் சீனி கொன்றான், சீனி கொன்றான் என்ற பேச்சைக் கேட்டுத்தானாம்.

“அண்ணே, எங்கப்பா செத்தது பேப்பர்ல வந்துச்சி. சீனிய விட்டது எதுல வந்துச்சி? கோர்ட்டு பேப்பர் கொண்டாங்க, சாப் குத்தினது, முத்திரையோட. நானே எடுத்துடுறேன்.”

போனை வைத்துவிட்டேன். கோபம். அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஏழு பேர் ஜூரி. அதில் ஒரு சீனனுக்கு நெற்றியில் பிளாஸ்திரி. மத்தியானம் மழை. வெளியே வந்த மச்சானுக்குக் காலில் செருப்பு இல்லை, என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். இதற்கெல்லாம் எவன் சாப் குத்திக் கொடுப்பான்?

மார்ச் 13

கோர்ட்டுக்குப் போனேன், ராக்காயியிடம் சொல்லாமல். வாசலில் பையைச் சோதித்தார்கள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தான் ஒருவன்.

கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண். பார்த்தால் பள்ளிக்கூடம் படிக்கிற வயசு. கேஸ் நம்பர் கேட்டாள். இல்லை. ஐசி, அடையாளக் கார்டு நம்பர்? இல்லை. முழுப் பெயர்? சீனி. சீனி என்ன? சீனிதான். எந்த வருஷம் என்றாள், எண்பது என்றேன். நான் பிறக்கவே இல்லை பாக்சிக் என்று, மலாயில் மாமா போட்டுச் சிரித்தாள். கம்ப்யூட்டரில் இப்போதைய கேஸ்தான் வருமாம், பழசெல்லாம் ஸ்டோரிலாம். அங்கே தேடவும் நம்பர் வேண்டுமாம். நம்பர் எங்கே கிடைக்கும்? கேஸ் கட்டில் இருக்குமாம்.

மயிரு. அந்தக் கட்டைத்தானே நான் கேட்கிறேன்.

மார்ச் 14

இன்றும் போனேன். நோன்பு மாசம், கவுண்டரைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 18

கடவுள் கொஞ்சம் கண்ணைத் திறந்தார். படிக்கட்டில் உட்கார்ந்து நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தேன். தமிழில்தானே, யாருக்குப் புரியும் என்று. “அங்கிள், கோர்ட்டுல அந்த வார்த்தையெல்லாம் பேசக்கூடாதுலா” என்று மேலே ஒரு குரல். கலாதேவி என்று பெயர். கோர்ட்டில் மொழிபெயர்க்கிற வேலை.

அவள்தான் வழி சொன்னாள். பதிவாளருக்கு மனு எழுத வேண்டும். நாம் யார், எதற்குக் கேட்கிறோம், எந்தக் கோர்ட்டு, எந்த வருஷம், என்ன குற்றம், ஆள் பெயர். தேடுவதற்கு ஒரு கட்டணம். சின்னக் கோர்ட்டு கேஸ் என்றால் எப்போதோ அழித்திருப்பார்களாம், கொலை கேஸ் என்பதால் இருக்கலாமாம். நம்பர் இல்லாவிட்டால் அந்த வருஷத்துப் பதிவேட்டில் பெயரை வைத்துத் தேடுவார்களாம். கோர்ட்டு என்பது எல்லாருக்கும் பொது, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு என்றாள். உரிமை இருக்கிறதாம். அதைக் கவுண்டரில் எழுதி ஒட்டினால் என்ன?

மனுவைக் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிறவன் அடித்தான். ‘எதற்காக’ என்ற இடத்தில் என்ன போட என்றான். என் தங்கச்சி ஒரு கூட்டத்துக்குப் போகணும் என்றேன். தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தான்.

மார்ச் 27

பதில். அந்தப் பெயரில் கேஸே இல்லை.

இல்லையாம். பன்னிரண்டு மாசம் உள்ளே கிடந்தானே, அது எந்தக் கேஸ்? என் தங்கச்சி தாலியைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறி இறங்கினாளே, அது எதற்கு? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு… வேண்டாம்.

வாத்தியாருக்கு எப்படி இதைச் சொல்வது? இப்போது மச்சானை விட்டதும் பொய் என்றாகிவிடும்.

ஏப்ரல் 3

நோன்புப் பெருநாள் லீவு முடிந்து கலாதேவியைப் பார்த்தேன். கத்தியிருப்பேன் போலிருக்கிறது. காவல்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் கத்தவில்லை. ஐசியில் சீனி என்றுதான் இருந்ததா என்று கேட்டாள்.

என்ன கேள்வி இது என்று வாய்வரை வந்தது. வந்தது அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் யார் யாருடைய ஐசியைப் பார்த்தோம்? குட்டை, கருவாயன், சீனி, இப்படிக் கூப்பிட்டே வேலைக்குப் பேர் போட்டு, கூலி வாங்கி, செத்தும் போனார்கள். அவன் செத்தபோது சர்டிபிகேட்டில் சீனி என்றுதான் இருந்தது. ஆனால் கேஸ் நடந்த காலத்தில்?

பழைய ஆட்கள் எல்லாருக்கும் போன் போட்டேன். எல்லாரும் சீனி என்றார்கள். இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

ஏப்ரல் 4

ராக்காயியிடமே கேட்டேன். கோர்ட்டுக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். “இத யாரு உன்னைச் செய்யச் சொன்னா?” என்று கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன், ஐசியில் என்ன பெயர் இருந்தது?

“தெரியும். சொல்லமாட்டேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதும் கார்டைத்தான் நீட்டினாள், புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள். சரி, அப்போது உயிரோடு இருந்தான். செத்துப் போனவன் பேரைச் சொன்னால் என்னடி என்றேன்.

“செத்துட்டா புருஷன் இல்லேன்னு ஆயிடுமா?”

வெளியே போய் மோட்டாரைத் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. அரை மணி கழித்து அவளே வாசலுக்கு வந்தாள். மச்சானுக்கு முன்னால் பிறந்த பிள்ளை ஒன்று செத்துப் போனதாம். அதற்கு எடுத்த பிறப்புப் பேப்பர் வீட்டில் சும்மா கிடந்ததாம். இவன் பிறந்ததும் மறுபடி ஆபீசுக்கு நடப்பானேன் என்று அவன் அப்பன் அதையே வைத்துக்கொண்டானாம். கேஸ் முடிந்ததும் அந்தப் பேரே வேண்டாம் என்று மச்சான் கார்டை மாற்றிவிட்டானாம்.

எந்தப் பேர்?

“எல்லையில, ரெண்டாம் நம்பர் மரக்காட்டுக்குப் போற வழியில, கல்லா ஒரு சாமி நிக்கிமே. சுருட்டு வச்சிக் கும்புடுவமே.”

“சன்னாசியா?”

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷம் மச்சான் மச்சான் என்றே கூப்பிட்டிருக்கிறேன். அவன் பேரை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 7

புது மனு. மறுபடியும் கட்டணம். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு மனுப் பாரம் தருவார்கள்.

ஏப்ரல் 15

ஒன்றும் வரவில்லை.  ராக்காயி தமிழ் வருஷப் பிறப்புக்குக்கூட அந்தப் புடவையைத் தொடவில்லை.

ஏப்ரல் 22

கிடைத்துவிட்டது.

இங்கிலீஷில் இருக்கிறது. சாப் குத்தி, கையெழுத்துப் போட்டு. எனக்கு அது கோழி கிளறின மண்தான். கலாதேவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கோர்ட்டில் சொல்வது மாதிரி நிமிர்ந்து சொன்னாள். சன்னாசி, பால்வெட்டுத் தொழிலாளி. கொலைக் குற்றச்சாட்டு. ஜூரி ஏழு பேரும் ஒரே முடிவு, குற்றவாளி அல்ல. நீதிபதி ஏற்றுக்கொண்டு விடுதலை.

வருஷம் எழுபத்தொன்பதாம். எண்பது என்று நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவர்கள்தான் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள். நான் எண்பது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 23

வாத்தியார் வந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். அப்பா கேஸில் இவ்வளவு பேர் சாட்சி சொன்னார்களா என்றார். அவருக்கு அதுகூடத் தெரியாது. பிறகு, “அப்பிடின்னா யாருண்ணே செஞ்சது?” என்றார். அதை அந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, நான் எங்கே போவேன்?

அந்த வரியை எடுத்துவிட்டேன் என்றார். அடுக்களைக்குள்ளிருந்து ராக்காயி, வெளியே வராமலே சொன்னாள்: “எடுத்தா போதுமா? அத எல்லாரும் வாசிச்சிட்டாங்க. மைக்குல சொல்லச் சொல்லுண்ணே.”

வாத்தியார் அவ்வளவு நேரம் காப்பியைத் தொடவில்லை. தொடாமலேதான் எழுந்து போனார். அந்தக் கொலைக்குப் பிறகு செத்த கிராணி வீட்டு ஆட்கள் சீனி வீட்டில் கை நனைத்ததே இல்லை. எங்கள் பக்கமும் அப்படித்தான்.

மே 1, வியாழன்

ராக்காயி புடவை கட்டினாள். வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் மைக்கைப் பிடித்து, கோர்ட்டு பேப்பரை முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில் வாசித்தார். ‘சன்னாசி என்கிற சீனி.’ ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். மண்டபத்தில் பிள்ளைகள் சத்தம் மட்டும்தான். குற்றவாளி அல்ல என்றதும் இவள் எழுந்து, “போலாம்ணே” என்றாள். பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நல்ல பசி. எதற்குடி அவசரம் என்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

மோட்டாரைக் கிளப்பும்போது வாத்தியார் ஓடி வந்தார். கையில் சோற்றுப் பொட்டலம், குழம்பு தனியாகப் பையில். நீட்டினார். இவள் பையையும் அவரையும் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

சிலிபின் வரை அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். குழம்பு சூடு என் முதுகில் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு எடுத்துப் பிரித்துப் போட்டாள்.

உப்புக் கம்மி என்றாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள்.