கழுவித் துடைத்த கடல்

அன்பு மகள் குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே சமையலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் புது மிஷின் வாங்கியிருக்கிறார், அது ஓடினால் நம் அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஆஸ்பத்திரித் தாழ்வார வேலை முடிந்தது, முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படிப் பாலிஷ் ஏற்றியிருக்கிறேன், ஒரு நர்ஸ் வழுக்கி விழப் பார்த்தது வேறு விஷயம். இப்படியே வீட்டுக்கதை எழுதிக்கொண்டு போனால் அப்பா எதையோ சுற்றி வளைக்கிறார் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் விஷயத்துக்கு வருகிறேன். உன் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்த கற்களைக் கழுவியது அம்மா இல்லை. நான்தான். அம்மா கழுவினாள் என்று உன் தோழி உன்னிடம் சொன்னது, நான் அவளிடம் சொன்ன பொய்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ ஆராய்ச்சி செய்கிற ஊருக்குத் திரும்பும்போது விமானத்தில் அவ்வளவு எடை ஏற்ற விடமாட்டார்கள் என்று நீ அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனாய். இந்தப் பக்கம் வருகிற தோழி எடுத்துப்போவாள், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றும் சொன்னாய். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. யாரும் என்பதில் அப்பாவும் சேர்த்தி என்று மட்டும் எனக்குப் படவில்லை. அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மண்ணும் தூசியுமாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. வாழ்நாள் முழுக்கத் தரைக்கல்லுக்குப் பாலிஷ் போட்டவன் மங்கின கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா. அப்பனுக்குத் தொழிலே கல்லைப் பளபளப்பாக்குவது, மகள் அனுப்பின கல்லின் லட்சணத்தைப் பார் என்று அங்கே உள்ளவர்கள் சிரிப்பார்களே என்று நினைத்தேன். டைல்ஸ் ஒட்டின பிறகு சிமெண்டுக் கறை போக ஊற்றுவோமே, அந்த ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, குளியலறையில் வைத்து ஒவ்வொன்றாக ஊற்றினேன். புசுபுசுவென்று நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். கறுத்த கல்லில் ஊற்றியபோது அழுகின முட்டை வாடை வந்தது. சாக்கடைதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்து அதற்குள்ளும் கொஞ்சம் ஊற்றினேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, அவ தொட வேணாம்னு சொன்னாளே என்றாள். கல்லைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா, போ என்று விரட்டிவிட்டேன். பெயிண்டையும் விடாமல் சுரண்டி, மெழுகு தேய்த்துத் துடைத்தேன். பிறகு நிறம் பார்த்து அடுக்கினேன். அது எங்கள் தொழில் புத்தி, வெளுத்த கல்லும் கறுத்த கல்லும் மாறி மாறி வந்தால் தரை பல்லை இளிக்கும். வெளுத்ததில் தொடங்கிக் கன்னங்கரேலென்று முடிகிற மாதிரி வரிசை அப்படி அழகாக வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தேன்.

உன் தோழி வந்தாள். நல்ல பெண், வந்ததும் அம்மாவின் முழங்காலை விசாரித்தாள். பெட்டியைத் திறந்தவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கிள், இதை யார் கழுவினது என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்த அதே நொடியில் என் வாய், அவதாம்மா, சுத்தம் சுத்தம்னு அடிச்சுக்குவா என்று சொல்லிவிட்டது. வாய் தவறி வந்தது என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். தவறி வரவில்லை குட்டி, சரியாகப் பார்த்துத்தான் வந்தது. அம்மா டீத் தட்டோடு அப்போது வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. தெரியாமப் பண்ணிட்டேன்மா என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு உன் தோழி அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் எல்லாவற்றையும் விளக்கினாள். நீ முன்பு போனில் சொன்னதுதான், நான் டிவியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருப்பேன். இப்போது மூன்றாம் மனுஷன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, என் தப்புக்கான பாடத்தை அம்மா கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கல் எல்லாம் இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் ஒரு கடலின் அடித்தரையாம். எரிமலைகள் கக்கின வாயு காற்றில் ஏறி, கடல் சூடாகி, ஆசிட் கலந்த மாதிரி புளித்துப்போய், ஓடு கட்டுகிற பிராணிகள் ஓடு கட்ட முடியாமல் தவித்தனவாம். அடித்தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து அந்த முட்டை நாற்றத்து வாயு நிறைந்து, கடலில் இருந்த உயிர்வகைகளில் பெரும்பாலானவை பூண்டோடு அழிந்தனவாம். முதலில் வந்தது புளிப்பா, மூச்சுத்திணறலா என்பதுதான் நீ கண்டுபிடிக்கப் பார்க்கிற விஷயமாம். வெளுத்த கல் மூச்சு இருந்த காலம், கறுத்த கல் மூச்சு போன காலம், எது கீழே எது மேலே என்பதற்குத்தான் அந்த எண்ணும் அம்பும். வெட்டியெடுத்த குவாரியில் இப்போது தண்ணீர் நிறைந்துவிட்டது, மறுபடி போய் எடுக்கவும் முடியாதாம். கல்லோட உள்பக்கம் நல்லாத்தான் இருக்கு ஆண்ட்டி, வரிசைதான் போயிடுச்சு என்றாள். அம்மா, நிறம் பார்த்து அடுக்கினது தப்பாம்மா என்று கேட்டாள், எனக்காகக் கேட்டாள். அந்தக் கடல் ஒரே மூச்சில் சாகவில்லையாம். கறுத்து, கொஞ்சம் தேறி வெளுத்து, மறுபடி கறுத்து, மறுபடி பிழைக்கப் பார்த்திருக்கிறதாம். இந்த அடுக்கைப் பார்த்தால் அது பேசாமல் படுத்துச் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். அது பிழைக்கப் பார்த்த ஒவ்வொரு தடவையையும், பார்க்க அழகாக இல்லை என்று நான் எடுத்து ஓரத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் புளிப்பிலிருந்து தப்பி இத்தனை கோடி வருஷம் கல்லுக்குள் உட்கார்ந்திருந்த சிப்பி ஓடுகளையும் பொங்கப் பொங்கக் கரைத்திருக்கிறேன்.

அன்றைக்கே உன் தோழி சொல்லி நீ அம்மாவைப் போனில் கூப்பிட்டு, அதெல்லாம் உபரிக் கல்லுதாம்மா, முக்கியமானது எங்கிட்ட இருக்கு, நீ மனசு கஷ்டப்படாத என்றாய். பெட்டியை மூடும்போது உன் தோழி கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். உபரிக் கல்லுக்கு யாரும் அழ மாட்டார்கள். அம்மா மனசு நோகக் கூடாது என்று நீ சொன்ன பொய் அது. செய்யாத தப்புக்கு அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டு அவள் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினாள். நான் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி படிக்கவில்லை. பேப்பரைக் கீழே இறக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கு அப்புறம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல டீ தருகிறாள், துணி துவைக்கிறாள், குழாய் ஒழுகுது ஆளைக் கூப்பிடுங்க என்கிறாள். ஏன்யா இப்படிப் பண்ணினே என்று கேட்டிருந்தால் நான் ஒரு கத்துக் கத்திச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் அவள் கழுவிவைத்த தட்டில் சாப்பிடக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

உனக்கு ஒரே ஒரு புத்திமதி, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாவிட்டாலும் சொல்கிறேன். உன் பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொல். அப்பா மானம் போகுமே என்று பெட்டி வழியில் தொலைந்துவிட்டது, கொள்ளையடித்துவிட்டார்கள் என்று எதையும் ஜோடித்துவிடாதே, எங்கப்பா பாலிஷ் போட்டுட்டார் என்று சொல். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், சிரிப்பார்களே என்று பயந்துதானே இவ்வளவும் செய்தேன். உன் வேலைக்கு வேறு வழி பிறக்கட்டும், உன் உடம்பும் மனசும் கல்லு மாதிரி உறுதியாக இருக்கட்டும், நீ எடுத்த காரியம் ஒருநாள் முடிந்து நாலு பேர் உன்னை மெச்சுவதை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய். போன தடவை நீ கூப்பிட்டபோது நான் குளிக்கிறேன் என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன், அதுவும் பொய். இந்தத் தடவை நானே எடுப்பேன். என்ன வேண்டுமானாலும் திட்டு, பரவாயில்லப்பா என்று மட்டும் சொல்லாதே.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக முழுவதும் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மகளுக்கு எல்லாம் எழுதிட்டீங்க, எங்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க என்றாள். அவள் உள் அறைக்குப் போய்த் துணி மடிக்கிறாள், விளக்கு எரிவது இங்கிருந்தே தெரிகிறது. இத்தோடு நிறுத்திக்கொண்டு எழுந்து அவளிடம் போகிறேன்.

இப்படிக்கு,
கல்லைக் கழுவிய
உன் அப்பா