புல்வெளியில் ஒரு தீவு

அகாய்தி,

நம் ஊரின் சுற்றாட்டத்தை ஊரில் யாரையும் கேட்காமல் ஓட்டலுக்குத் தூக்கிக் கொடுத்தவள் நீ. இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும். இங்கே அப்பாவும் நானும் உன் தம்பி ரொங்கோவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் வேண்டிக்கொள்கிறேன். உன்மேல் கோபமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேண்டிக்கொள்கிறேன். ஃபோன் செய்தால் மீட்டிங் என்கிறாய், மறுபடி செய்தால் எடுப்பதில்லை. தௌத்து ஊர் புரெதுவின் மகன் வெள்ளிக்கிழமை விமானத்தில் அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனைப் போல இதை நடுவில் வைத்துவிட முடியாது.

அப்பாவின் படகு மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது, மீன் இல்லாமல் தகர டப்பா மீனைத் தின்கிறோம், தீவில் இருந்துகொண்டு. ரொங்கோ மேளத்தில் ஓரளவு தேறிவிட்டான், வீட்டுத் தட்டு, வாளி எதையும் விட்டுவைப்பதில்லை. ஈரப்பலா இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. இதையெல்லாம் நீ கேட்பாய் என்று எழுதுகிறேன், என் மனசு இதில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் ஊரின் முறை, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் மேளத்தை ஏற்றிக்கொண்டு தீவை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வோர் ஊராக இறங்கி ஆடுவோம். அந்த ஊர்க்காரர்கள் சாலையோரம் பாய் விரித்துச் சாப்பாட்டோடு காத்திருப்பார்கள், உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நம்மோடு ஆடுவார்கள், கழுத்தில் பவுடரைக் கொட்டி செண்ட் அடித்து அனுப்புவார்கள். புத்தாண்டுக்கு அவர்கள் வருவார்கள், நாம் பாய் விரிப்போம். ஒரு வருஷம் நாம் போகாவிட்டால் காத்திருந்த ஊரின் முகத்தில் துப்பியது போல. இதெல்லாம் தெரிந்தும்தான் செய்திருக்கிறாய்.

எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேள். கடையில் ரொட்டிக்கு நிற்கிறேன், பின்னாலிருந்து புரெது, என்னடி தெபோரி, இந்த வருஷம் உங்க ஊரு ஓட்டல் புல்லுலயே தீவைச் சுத்தி முடிச்சுடுமாமே, உங்களுக்கு டீசல் மிச்சம், எங்களுக்குச் சமையல் மிச்சம், நல்ல மகளைப் பெத்தடி என்றாள். கடையே சிரித்தது. எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. நேராக உன் மாமா தாவிதாவிடம் போனேன், ஆட்டக் குழுவுக்கு அவன்தானே தலைவன். தலையைச் சொறிந்துகொண்டு, அக்கா, புள்ள ஃபோன்ல கேட்டுச்சு, ஓட்டல்ல ஆடுவீங்களா மாமான்னு, ஊரெல்லாம் சுத்திட்டு வந்து சாயங்காலம் ஒரு ஆட்டம் போடச் சொல்லுதுன்னு நெனச்சு சரின்னுட்டேன், பகல் பூரா அங்கயேதான்னு அது சொல்லவே இல்ல என்றான். அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டுதான் ஊரே ஒத்துக்கொண்டது என்று, இந்த ஓட்டலை நடத்தும் உன் கம்பெனியில் சொல்லியிருக்கிறாய்.

போன சனிக்கிழமை ஓட்டலில் ஒத்திகை. அங்கே நான் துணி துவைக்கும் கொட்டகையிலிருந்து ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். புல்வெளியில் வட்டமாகக் குடிசைகள் போட்டு ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர்ப் பலகை. தௌத்து, வைபாயே, எல்லா ஊரும் இருக்கிறது, மனிதர்கள்தான் இல்லை. நடுவில் நாம் நின்ற இடத்திலேயே ஆட வேண்டும், வெள்ளைக்காரர்கள் கையில் குளிர்பானத்தோடு குடிசை குடிசையாகச் சுற்றி வருவார்கள். சுற்றுகிறவர்கள் அவர்கள், நிற்கிறவர்கள் நாம். குடிசைகளில் யார் நிற்பது என்று கேட்டதற்கு மேனேஜர் கிரெய்க் சிரித்த முகமாகத்தான் சொன்னான், உங்கள் ஊர்க்காரர்களையே ஆளுக்கொரு நிறத் துணி கட்டி நிறுத்திக்கொள்ளலாம், விருந்தாளிகளுக்கு என்ன தெரியும் என்று. அதாவது நாமே போவோம், நாமே நம்மை வரவேற்போம், நாமே நம் கழுத்தில் பவுடர் போட்டுக்கொள்வோம். ரூம் சுத்தம் செய்யும் கூரா பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு வைபாயே குடிசையில் நின்றாள். என்னிடம், அக்கா, நான் இப்ப வைபாயேக்காரி, என்கூடப் பேசணும்னா லாரி பிடிச்சு வாங்க என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்ணை மட்டும் என் பக்கம் காட்டவில்லை.

மேளம் தொடங்கியது. ரொங்கோ நன்றாகவே அடித்தான். ஒத்திகை பார்க்க வந்திருந்த விருந்தாளிகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள், ஒருவரும் எழுந்து ஆடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, எழ வேண்டும் என்று யார் சொன்னார்கள் அவர்களுக்கு. பிறகு கிரெய்க் தாவிதாவிடம் ஒரு மஞ்சள் துணியை நீட்டி, பெரியவராக இருக்கிறீர்கள், தௌத்துத் தலைவராக நின்று கை கொடுங்கள் என்றான். தாவிதா துணியை வாங்கி நான்காக மடித்தான், தௌத்துப் பலகையின் மேல் வைத்தான். சார், தௌத்துத் தலைவர் உசுரோட இருக்காரு, அவரு எனக்குச் சம்பந்தி வேற, நாளைக்குக் கோயில்ல அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது என்றான். மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை வழியாகவே நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். குழு முழுவதும் பின்னால் போனது. கிரெய்க் என்னிடம் வந்து, உங்கள் மகள்தானே ஊர் சம்மதம் என்று உறுதி கொடுத்தாள் என்றான். இத்தனை பேர் முன்னால் அதை நான் கேட்டேன் அகாய்தி.

அன்று மாலையே மண்டபத்தில் கூடினோம். எப்போதும் போல லாரியில் போவது என்று முடிவு. இதுவரை லாரி தந்தது ஓட்டல், இந்த வருஷம் தராது, சாலைக்குச் சரளை அடிக்கும் லாரியை அப்பா கேட்டு வாங்கியிருக்கிறார், அதன் பிரேக்கை அவரே பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார், அது என் கோபத்தைவிட மோசம் என்று உனக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புல்வெளிக்கு வராத வேலைக்காரர்களை ஜனவரியில் வேலைக்குக் கூப்பிடமாட்டோம் என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். அதுவும் மண்டபத்தில் பேச்சுக்கு வந்தது. நான் புல்வெளிக்கு வரமாட்டேன் என்று எழுந்து சொன்னேன். இன்னும் சிலர் சொன்னார்கள். கூரா சொல்லவில்லை, அவள் புருஷன் படுக்கையில் இருக்கிறான், அவள் போகத்தான் வேண்டும், அவளை ஒருவரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று தாவிதா அங்கேயே சொல்லிவிட்டான். நாம் லாரியில் போகும்போது அவள் வைபாயேக்காரியாகப் புல்லில் நிற்பாள். அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது கிரெய்க் மட்டும் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்த அன்று நான் செய்த ஃபோனை எடுத்தபோதே சொன்னாய், அம்மா, லாரியே பாதி காலியாதான் போகுது, இப்படியாவது ஆட்டம் பிழைக்கட்டும், ஊர்ல நாலு பேருக்கு வேலை நிலைக்கட்டும்னு. பாதி காலிதான். காலியானவர்களில் நீயும் ஒருத்தி. வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உன் படிப்புக்கு இந்த ஓட்டலில் துணி துவைத்தவள் நான். வருஷம் முழுவதும் யாரோ ஓய்வெடுக்க நாம் படுக்கை விரிக்கிறோம், மீன் வெட்டுகிறோம், பூமாலை போட்டுச் சிரிக்கிறோம். சிரிப்பதும் சம்பளத்தில் சேர்ந்ததுதான், சரி. அந்த ஒரு நாள் மட்டும் நாம் யாருக்காகவும் சிரிப்பதில்லை. துணி துவைக்கிறவள் ஆடுவாள், பக்கத்து ஊர்ப் போலீஸ்காரன் அவளுக்குப் பவுடர் போடுவான். நமக்கு இருக்கும் விடுமுறையே அது ஒன்றுதான். அதற்கும் நேரம் குறித்து, சீருடை கொடுத்து, வேலை ஆக்கிவிட்டாய். அந்நியன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்பேன்.

உன்னைத் தூற்றிக்கொண்டே இருக்க எனக்கு ஆசை இல்லை. நன்றாகச் சாப்பிடு, கடைச் சாப்பாட்டையே தின்றுகொண்டிருக்காதே, உன் குரலே இளைத்துப் போய்க் கேட்கிறது. கோயிலுக்குப் போ, அங்கே நம் ஆட்கள் கூடுகிற கோயிலுக்கு. புரெதுவின் மகனுக்குத் தங்க இடம் சரியில்லை என்றால் உன் வீட்டில் ஒரு பாய் போட்டுக் கொடு, அவன் அம்மா வாய்தான் அப்படி, பையன் நல்லவன். கடவுள் உன்னைக் கண்போல் காக்கட்டும், உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உனக்கென்று ஒரு பாய் விரித்திருக்கட்டும்.

நாங்கள் எப்படியும் போகிறோம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஊர் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றியது என்று ஓட்டலில் பேசுகிறார்கள், அந்தப் பழியை வைத்துத்தான் எங்களை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள். ஊர் வாக்குக் கொடுக்கவே இல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கிரெய்க்குக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, ஊரை நான் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன் என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு எனக்குத் தெரிவி.

உன் அம்மா,
தெபோரி