கயித்துக்கு இந்தப் பக்கம்

2003

பிப். 2, ஞாயிறு

காலைல செம பனி. எதிர் பிளாக்கே தெரியல. தண்ணி லாரி இன்னும் வர்ல. என் பொஞ்சாதி செல்வி குடத்த வச்சிகினு கீழயே நிக்கிறா.

நேத்து டிவில காட்னது மனச உட்டு போவல. வானத்துக்குப் போன விண்கலம் திரும்பி எறங்கறதுக்குள்ள ஒடஞ்சி எரிஞ்சி போச்சி. ஏழு பேரு. அவங்க வூட்டு ஜனம்லாம் எறங்கற எடத்துல வந்து காத்துகினு இருந்துச்சாம். அத்தவிட பேஜாரு இன்னொண்ணு. கீழ ஆபீசுல ஒருத்தரு அவங்கள கூப்ட்டுகினே இருந்தாராம். பதில் இல்ல. மறுபடி கூப்டறாரு. பாவம் அந்த ஆளு.

என் வேலையும் அதானே. எண்ணூர்ல எண்ண டேங்க் சுத்தம் பண்ற காண்ட்ராக்ட். கூட வேல செய்ற கரீம் பாய் மாஸ்க் மாட்டிகினு மேல ஓட்ட வழியா உள்ள எறங்குவாரு. நான் வெளில, கயித்த புடிச்சிகினு. ஆளு உசுரோட இருக்காரான்னு தெரிய, அப்பப்ப "கீறியா?"ன்னு கத்தணும். உள்ள இருந்து "கீறேன்"னு வரணும். வர்லன்னா விசில் ஊதி கயித்த இழுக்கணும். எத்தினி வருசமா இதான். நான் ஒரு நாளும் உள்ள எறங்குனதில்ல. பயம்.

லாரி வந்துருச்சி. செல்வி கத்தறா.

பிப். 3, திங்கள்

டீக்கடைல இன்னிக்கும் அதே பேச்சு.

"மனுசன இன்னாத்துக்குயா அனுப்பணும்? மிஷின அனுப்பு, போட்டோ புடிச்சினு வரட்டும்."

"கொடி நடறதுக்குத்தான். இல்லாட்டி அடுத்த நாட்டுக்காரன் முந்திக்குவான்ல?"

"பூமி கெட்டுப்போச்சினா போய் குந்த எடம் பாக்குறானுங்கபா."

கரீம் பாய் சிரிச்சாரு. "மணலி கம்பெனி பொகைய குடிச்சே நாம சாவல. இத்த உட்டுட்டு எவன் போவான்?" சிரிப்பு அப்டியே இருமலாச்சி. நிக்கவே இல்ல. டீ ஆறிப்போச்சி.

அப்பறம் ரோட்டாண்ட வந்து மெதுவா: "டாக்டரு உள்ள எறங்கவே கூடாதுன்னுட்டாரு மாமு. நூர்ஜகானுக்கு தெரிய வேணாம்."

நூர்ஜகான் அண்ணிக்கு எப்பவோ தெரியும். போன வாரமே என்னாண்ட வந்து அழுதாங்க. "அவர எறங்க உடாத தம்பி." சரி அண்ணின்னேன். சொல்றதுக்கு இன்னா.

பிப். 4, செவ்வாய்

எறங்கிட்டாரு. வேணாம் பாய்னேன். "அப்ப நீ எறங்குறியா?"ன்னாரு. கயித்த கைல எடுத்துகினேன்.

பாதி வேலைல "கீறியா?" பதில் இல்ல. மறுபடி. இல்ல. விசில் வாயாண்ட போயிருச்சி, அப்பதான் ஈனஸ்வரத்துல "கீறேன்". மூச்சு வாங்கி உள்ளயே குந்திட்டாராம். மேல வந்ததும் கண்டபடி திட்டினேன். அவரு திருப்பி திட்டாததுதான் தாங்கல.

ராத்திரி வூட்ல சோறு துன்ன குந்தினேன். செல்விகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். விண்கலத்த கூப்ட்டுகினே இருந்த ஆபீஸ் ஆளப் பத்தியும் சொன்னேன்.

செல்வி: "உள்ள போன மிஷினு நின்னுபோச்சினா இப்டி கத்துவியா?"

மாட்டேன்னேன்.

"அதுக்குத்தான் மனுசன அனுப்பறாங்களோ இன்னாவோ. நம்மாளு போனாத்தான் கீழ கீறவன் அண்ணாந்து பாப்பான்."

"லூசு மாதிரி பேசாத. நீ அண்ணாந்து பாக்கறதுக்கு ஏழு உசுரா?" கோவம் வந்துருச்சி. தட்ட தள்ளிட்டு எழுந்துட்டேன்.

பிப். 5, புதன்

லீவு. ரேஷன்ல மண்ணெண்ண இல்ல. செல்வி இன்னும் மொகத்த தூக்கிவச்சினு கீறா.

பிப். 6, வியாழன்

கம்பெனில புதுசா கேமரா மிஷின் எறக்கிக்கீறாங்க. சக்கரம் வச்சது. ஒயர்ல கட்டி டேங்க்குள்ள உட்டாங்க. மேல சின்ன டிவில படம். மொதல்ல எல்லாம் முண்டியடிச்சி பாத்தானுங்க. கொஞ்ச நேரத்துல பாதி பேரு டீக்கு போய்ட்டான். ஒருத்தனும் அத்த "கீறியா?"ன்னு கேக்கல. செல்வி சொன்னது நெனப்பு வந்திச்சி. அவகிட்ட சொல்லல.

சூப்பர்வைசர்: "படம்லாம் ஓகே. ஆனா மூடறதுக்கு முன்னாடி ஒரு ஆள் எறங்கி டேங்க்கோட அடித் தகட்ட கையால தடவிப் பாத்தே ஆவணும். நாளைக்கு கரீம் எறங்கட்டும்."

பாய் தலையாட்டினாரு. என் பக்கம் பாக்கல.

பிப். 7, வெள்ளி

பனி இல்ல. வெயிலு. தொழுகைக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு பாய் சீக்கிரமே வந்துட்டாரு. உள்ள விஷவாயு இல்லன்னு கேஸ் டெஸ்ட் ஆச்சி. கயிறு கட்ன பெல்ட்ட எடுத்தாரு. புடுங்கி நான் இடுப்புல சுத்திகினேன்.

"டேய், இன்னா பண்ற?"

"கம்முனு கயித்த புடி பாய்."

பக்கிள் எனக்கு மாட்ட வர்ல. அவரே மாட்டி, மாஸ்க்கயும் போட்டு உட்டாரு.

ஏணி. இருட்டு. என் மூச்சு சத்தம் எனக்கே பெருசா கேக்குது. அடில கால் வச்சி அண்ணாந்து பாத்தேன். ஓட்ட சின்ன தட்டு அளவுக்கு தெரியிது, அதுல மூஞ்சி ஒண்ணும் இல்ல. எல்லாரும் போய்ட்டாங்கன்னே தோணிச்சி. சத்தியமா அப்டிதான் தோணிச்சி.

பழக்க தோசம். வாய் தானா கத்திச்சி: "கீறியா?"

வெளில நிக்கிறவன் கேக்க வேண்டியத உள்ள கீறவன் கேட்டுட்டேன். அவருக்கும் பழக்க தோசம். மேல இருந்து தொண்ட கிழிய:

"கீறேன்!"

அப்பறம்தான் ரெண்டு பேருக்கும் ஒறச்சிது. மேல அவரு சிரிக்கிறாரு, இருமறாரு, திரும்ப சிரிக்கிறாரு. கீழ நான் மாஸ்க்குக்குள்ள அழுதுகினு கீறேன்.

இத்தினி வருசமா உள்ள போனவன் உசுரோட கீறானான்னு வெளில நிக்கிறவன்தான் கேக்கணும்னு நெனச்சிகினு இருந்தேன். போனவனுக்கும் வெளில ஆளு கீறானான்னு கேக்கத் தோணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அந்த மிஷினு அப்டி ஒரு நாளும் கேக்காது. அந்த ஏழு பேரும் அவ்ளோ தூரம் போய் பூமிய பாத்து இதான் கேட்டிருப்பாங்களோ இன்னாவோ. செல்விகிட்ட கேக்கணும்.

அடித்தகட்ட தடவிப் பாத்தேன். சுத்தம். ஏணில கால் வச்சேன். ஏறாம, தேவையே இல்லாம, இன்னொரு தபா கேட்டேன்.

கீறேன்னாரு.