நிழல்வெட்டியின் இடது கை

மாண்புமிகு ஓவியர் ‘மசி’ அவர்களின் திருக்கரங்களுக்கு,

தங்கள் தீவிர வாசகி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்களது ‘நிழல்வெட்டி’ சித்திரக்கதைத் தொடரின் முதல் இதழைப் படித்தேன். பயந்தேன். மறுபடி படித்தேன். மறுபடி பயந்தேன். கொடுத்த காசு வீண் போகவில்லை.

போதும் அண்ணா, இதற்கு மேல் மரியாதை கையிருப்பில் இல்லை. நான்தான், உன் வாலு. வீட்டைவிட்டுப் போனதும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டவனுக்கு வேறெப்படி எழுதுவது? இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் முகவரி இருந்தது, பிழைத்தாய். ஆசிரியர் சாருக்கு ஒரு வேண்டுகோள்: இதை வாசகர் கடிதப் பகுதியில் போட்டுவிடாதீர்கள். மீறி மேலே படித்தால் உங்கள் நிழல் கத்தரிக்கப்படும். நான் பொறுப்பல்ல.

பஸ் நிலையப் புத்தகக் கடையில் தொங்கியதைப் பார்த்தேன். அட்டையில் ஊரே இருட்டு, ஒரே ஒரு சலூனில் மட்டும் விளக்கு. உள்ளே கத்தரிக்கோலோடு ஒருவன். பின்னால் ஆணியில் துண்டு தொங்குவதுபோல் வரிசையாக மனிதர்களின் நிழல்கள். யாரோ நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்றுதான் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் ஒரு குட்டிப் பெண் வந்தாள். ஒற்றைச் சடை வானத்தைப் பார்த்து நிற்கிறது, நிழல்வெட்டியின் சீப்பைத் திருடிப் பவுடர் டப்பாவுக்குள் ஒளிக்கிறாள். அந்த வேலையைச் செய்கிறவள் உலகத்தில் ஒருத்திதானே? ‘மசி’ யாரென்று அங்கேயே பிடிபட்டுவிட்டது. என் மூக்கை அவ்வளவு பெரிதாகப் போட்டதற்கு நஷ்டஈடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

பிறகு ஒரு திட்டம் போட்டேன். யார் வரைந்தது என்று தெரியாமலே அப்பா இதைப் பார்க்க வேண்டும். “நல்லாயிருக்கே” என்று ஒரு தடவை அவர் வாயிலிருந்து வர வேண்டும். வந்ததும் வரைந்தவன் உங்கள் பிள்ளைதான் என்று போட்டு உடைத்துவிடலாம். சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவர், அதனால் மாட்டிக்கொள்வார் என்று கணக்கு.

பழைய சினிமாப் பத்திரிகையின் அட்டையைப் போர்த்தி, நம் சலூன் பெஞ்சில் மற்றவற்றோடு வைத்தேன். முதலில் சிக்கியது என் கணக்கு வாத்தியார். பாதிக் கன்னத்தில் சோப்பு நுரை, கண் மட்டும் புத்தகத்தில். நிமிருங்க சார் என்று அப்பா எவ்வளவோ கெஞ்சினார். முடி வெட்ட வந்த மனிதர், முடிவு தெரியாமல் நிமிர மாட்டேன் என்றார். கடைசியில் ‘தொடரும்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சில் நுரை பறந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று, மதியம் கடை காலியான நேரத்தில் அப்பாவே எடுத்தார். நான் தரையில் முடி பெருக்குவதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிரித்தார். இவன் எந்த ஊர் பார்பர், இடது கையில் கத்தரிக்கோலைப் பிடிக்கிறான் என்றார். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. பிடித்த கை தப்பு, ஆனால் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடிக்கும் விதம் அவருடையது. புருவத் தழும்பு அவருடையது, ஆனால் மறுபக்கத்தில் இருந்தது. தண்ணீர்க் குழாய், விளக்கு, ஸ்டூல் எல்லாமே நம் கடைதான், எல்லாமே இடவலம் மாறி.

அப்பா எழுந்தார். கதவோரப் பெஞ்சு நுனியில், ஸ்கூல் விட்டு வந்து நீ நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த அதே இடத்தில், போய் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். உனக்கே தெரியுமா அண்ணா, நீ அவர் முகத்தை நேராகப் பார்த்து வரையவே இல்லை. உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் நாள் முழுக்க வேலை செய்தார். நீ பார்த்தது கண்ணாடிக்குள் இருந்த அப்பாவை.

என் திட்டம் தலைகுப்புற விழுந்துவிட்டது. பிள்ளை தன்னை அரக்கனாக வரைந்திருக்கிறான் என்று தெரிந்தால் உனக்கு இனி இந்தப் பக்கமே வழி இருக்காதே. பெருக்கியதையே மறுபடி பெருக்கினேன்.

அப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே, “நான் அவ்வளவு கொடுமையாவா இருந்தேன்?” என்று கேட்டார்.

துடைப்பத்தைப் போட்டேன். போய்க் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். கடை சாத்திய பிறகு நிழல்வெட்டி தனியாக நிற்கிறான், விளக்கு நேராக மேலே விழுகிறது, தரையில் அவனுக்கே நிழல் இல்லை. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவன் நிழலையும் சின்ன வயசுல யாரோ உட்கார வச்சு வெட்டிட்டாங்க போல,” என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, கிழிக்கவில்லை. அடுத்த ஆளுக்குத் துண்டை உதறிப் போட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் சினிமா அட்டையை உரித்து எறிந்துவிட்டு, இதழைப் பெஞ்சில் எல்லாவற்றுக்கும் மேலே அவரே வைத்தார். மறுபடி படிக்க வந்த வாத்தியார் படத்தையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் சாடை தெரிகிறதே என்று இழுத்தார்.

“சாடை என்ன சார் சாடை, நானேதான். என் பையன் வரைஞ்சது.”

கத்தரிக்கோல் சத்தம்கூட நிற்கவில்லை, அண்ணா. சொல்லிக்கொண்டே வெட்டினார்.

அம்மாவும் படித்தாள். மூன்று பக்கம் தாண்டியதும் மூடிவிட்டாள். பிள்ளை இத்தனை இருட்டாக வரைகிறானே, அவன் ரூமில் ஒழுங்காக லைட் எரிகிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். பதில் போடு, இல்லையென்றால் பல்பு பார்சலில் வரும். சத்தியமாக வாங்கியே வைத்துவிட்டாள்.

கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் அப்பா தனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்றார். நான் பேனாவை மூடியதும் வந்தது: “கை தப்புன்னு எழுது. கண்ணாடியைப் பாத்து வரைஞ்சா அப்படித்தான் இருக்கும். நேர்ல வந்து பாக்கச் சொல்லு.”

உனக்கென்று வாங்கிப் போட்டு, நீ கத்தரிக்கோலைப் பிடிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போன இரண்டாவது நாற்காலி நினைவிருக்கிறதா? இவ்வளவு காலம் துணி போர்த்திக் கிடந்தது. நேற்று அப்பா துணியை எடுத்துத் துடைத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி, தான் நின்று வேலை செய்யும் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். அது அப்படித்தான் இருக்கும் என்கிறார்.

இரண்டாம் இதழில் நிழல்வெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், கதை உன்னுடையது. ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டு வா அண்ணா. வெளிச்சம் காலையில்தான் நன்றாக விழும்.

உன் வருகைக்காகச் சீப்பை ஒளித்து வைத்துவிட்டு,
வாலு