உப்புக்குப் பதில் மாசிபத்திரி

மார்ச் 6
என் வீட்டுக்காரர் பியோங்மானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவருக்கு இடது கை இன்னும் சரியாக எழவில்லை. “இன்னொரு தடவை பக்கவாதம் வந்தா தாங்காதும்மா. உப்பைக் குறைங்க” என்றார் டாக்டர். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து, வியர்வையில் போன உப்பையெல்லாம் ஊறுகாயிலும் கருவாட்டிலும் திரும்ப எடுத்துக்கொண்ட மனுஷன். யாரிடம் சொல்லிக் குறைப்பது?

மார்ச் 9
எங்கள் தொங்யோங் ஊர்ச் சந்தையில் இளம் மாசிபத்திரித் தழை வந்திருக்கிறது. தட்டைமீன் சூப் வைத்தேன். உப்பான சோயா விழுது பேருக்குத்தான். இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், இறக்கும்போது கை நிறைய மாசிபத்திரி. மணம் வாசல் வரைக்கும். பியோங்மான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டார்.
“என்னடி இது, குளத்துத் தண்ணியா?”
“மணமா இல்லீங்களா?”
“மணத்தையா திங்கிறது?”

மார்ச் 17
மகள் யூரி புசானிலிருந்து பேசினாள். “பூண்டு ரத்தத்துக்கு நல்லதும்மா. இஞ்சியும்தான். விடாம போடு.” போடுகிறேன். பெரில்லா இலை, மிளகாய், வினிகர் — என்னென்னவோ. விரலில் பூண்டு வாசம் போவதே இல்லை. தின்பது நான் ஒருத்திதான்.

மார்ச் 25
இன்றும் மிச்சமெல்லாம் எனக்கு.

ஏப்ரல் 2
பிடித்துவிட்டேன். நடக்கப் போகிறேன் என்று கிளம்பியவர் பேருந்து நிலையக் கடையில் உப்புக் கரிக்கும் ராம்யன் நூடுல்ஸ் சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.
“சாகணும்னா சொல்லிடுங்க, நானாவது பூண்டு உரிக்கிறதை விட்டுடறேன்!” கடையே திரும்பிப் பார்த்தது.
அவர் கத்தவில்லை. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க, மியோங்ஓக். நானும் அப்படித்தான் கிடக்கேன். இதைக் குடிக்கிறப்பதான் மனுஷன் மாதிரி இருக்கு.”
எதிரில் உட்கார்ந்தேன். மிச்சத்தையும் குடித்தார்.

ஏப்ரல் 3
ராத்திரி என் சூப்பை முழுக்கக் குடித்தார். ருசித்தல்ல. எனக்காக.

ஏப்ரல் 11
செருப்பு மாட்டும்போது விழுந்தார். மறுபடியும் அதேதான். ஐயோ, அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கணுமோ? பிடுங்கியிருந்தா மட்டும்?

ஏப்ரல் 20
இனி விழுங்க முடியாதாம். மூக்கு வழியாகக் குழாய். பழுப்பாக ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.
“இதுல உப்பு இருக்கா?” என்று நர்ஸிடம் கேட்டேன்.
“அளவா இருக்கும்மா.”
முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை.

மே 8
பெற்றோர் தினம். யூரி எங்கள் இருவருக்கும் கார்னேஷன் பூக் குத்திவிட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 5
எனக்கும் பல வருடமாக ரத்த அழுத்தம். மாத்திரை வாங்கப் போனேன். டாக்டர் இரண்டு முறை அளந்து பார்த்தார்.
“நல்லா இறங்கியிருக்கேம்மா! மாத்திரையைப் பாதியாக்கிடலாம். அப்படி என்ன சாப்பிடுறீங்க?”
“அவருக்குச் சமைச்சதை.”
“அதையே விடாம சாப்பிடுங்க.”

வரும் வழியில் ஒரு கட்டு மினாரிக் கீரை வாங்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு பூண்டு நசுக்குவது என்று கை தடுமாறியது. சூப் நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.